குங்குமம் வைத்த மூலை

பயப்படுவதுதான் என் தொழில். போர்டில் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று எழுதியிருப்பது மரியாதைக்காக. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை, ஜெராக்ஸ் கடை, டிசைன் போடுகிற அறை என்று என் ஸ்கூட்டி நிற்காத வாசல் குறைவு. போன இடத்தில் நான் முதலில் பார்ப்பது தூசியையோ வயரையோ அல்ல. பிரவுசரின் வலது மேல் மூலையைத்தான். அங்கே 'அப்டேட்' குறி ஒன்று காத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது.

ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நீங்களும் அதைப் பார்த்து 'அப்புறம்' என்று அழுத்தியவர்கள்தானே. இருந்தாலும் சொல்கிறேன். பிரவுசரில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிக்கிறார்கள். சில ஓட்டைகளுக்கு நீங்கள் எதையும் அழுத்தவே வேண்டாம். கெட்ட பக்கம் ஒன்றைத் திறந்தாலே ஆள் உள்ளே வந்துவிடுவான். பிரவுசர் செய்தவர்கள் ஓட்டையை அடைத்து அப்டேட் அனுப்புவார்கள். பயமே அதற்குப் பிறகுதான் ஆரம்பம். எங்கே அடைத்தார்கள் என்று பார்த்தால் எங்கே ஓட்டை இருந்தது என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். அன்று முதல் அடைக்காத வீடாகத் தேடுவான். அப்டேட் தானாக இறங்கிவிடும், ஆனால் பிரவுசரை ஒரு தடவை மூடித் திறந்தால்தான் பிடிக்கும். அந்த மூடித் திறப்பதில்தான் எங்கள் ஊர் மாட்டிக்கொள்கிறது.

போன கார்த்திகையில் அப்படி ஒரு ஓட்டை. ஏற்கெனவே ஆட்கள் இதன் வழியாகப் புகுந்துகொண்டிருக்கிறார்கள், உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. காப்பியைப் பாதியில் வைத்தேன். ஸ்கூட்டியை எடுத்தேன்.

விரித்ததை மடிக்காதே

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் ஆன்லைன் ஆர்டர் பார்க்கிற பாஸ்கரிடம் முதலில் போனேன். அவர் பிரவுசரில் திறந்து கிடந்த பக்கங்களுக்குக் கணக்கே இல்லை. இடம் போதாமல் மேலே வெறும் கோடுகளாக நசுங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு புடவையைப் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்று போன ஒரு வாடிக்கையாளர். "எல்லாத்தையும் ஒரு தடவ மூடித் தெறக்கணும் பாஸ்கர்" என்றேன். மனுஷர் மவுஸின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

அவர் தரையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவராக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். எதிரில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் விரித்த புடவையை மடிக்கக் கூடாது என்பது அந்தக் கடையில் சட்டம். மடித்தால் எழுந்து போங்கள் என்று அர்த்தம். மூடினாலும் பக்கங்கள் அப்படியே திரும்ப வரும் என்று அடித்துச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, என்னையே அழுத்தச் சொன்னார். அத்தனை பக்கமும் திரும்ப வந்தன, அப்டேட்டும் பிடித்தது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் முகம் தெளியாமல் சொன்னார்: "பொடவ எல்லாம் இருக்குதும்மா. எதிர்ல உக்காந்துக்கினு இருந்தவங்க இருக்கறாங்களா போயிட்டாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாவு முடியட்டும்

அடுத்து ஏகாம்பரம் சார். பிள்ளையார்பாளையத்தில் வீட்டு மாடியில் அவருக்கு ஒரு டிசைன் அறை. தலைமுறை தலைமுறையாகத் தறிக்காரக் குடும்பம். இவர் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறார். அந்த டிசைன் கோப்பு தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஒரு பெட்டிக்குப் போகும், எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அந்தப் பெட்டி தறிக்குச் சொல்லும். தை முகூர்த்தத்துக்காகப் புதிதாக ஒரு பார்டர் போட்டிருந்தார். வரிசையாக அன்னங்கள், ஒன்றின் அலகிலிருந்து அடுத்ததின் அலகுக்கு ஒரே கொடி போய்க்கொண்டே இருக்கும். ஊரில் வேறு எங்கும் இல்லாத பார்டர் என்பதற்காகவே ஒரு பட்டுக்கடை மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருந்தது. கடைக்கு வரும் முன் வெளியே தெரிந்தால் பேச்சு முறிந்தது. இதை நம்பி நாலைந்து வீடுகளில் தறி ஓடியது. அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தது என் அக்கா ரூத். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலில் தறிக்குழியில் காலை வைத்தவள் அக்கா. அவள் நெய்த கூலியில்தான் நான் கம்ப்யூட்டர் படித்தேன்.

இத்தனை பேருடைய தை மாதமும் உள்ளே இருந்த கம்ப்யூட்டரின் வலது மேல் மூலையில் என்ன இருந்தது தெரியுமா? குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். இப்போது வருகிற மானிட்டருக்குச் சுற்றுச் சட்டம் என்று ஒன்று கிடையாதே, பொட்டு கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. மூடுகிற பெருக்கல் குறியும் அப்டேட் குறியும் அதற்கு அடியில் இருந்தன. நாள் ஆக ஆக அந்தக் குறி பச்சையிலிருந்து மஞ்சளாகி, கடைசியில் சிவப்பாகும். அத்தனை நிறமும் குங்குமத்துக்குக் கீழேயே மாறி முடிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டப் போனேன். "பூஜைல வெச்சத அடுத்த பூஜைக்குத்தாம்மா தொடைப்போம்" என்று கையைத் தடுத்தார்.

பொட்டு இருக்கட்டும், மூடித் திறக்கவாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். அவருக்கு வேறு பயம். டிசைன் போடுகிற மென்பொருள் பிரவுசருக்குள்தான் ஓடுகிறது. முன்பு ஒரு தடவை அப்டேட் ஆன கையோடு தறிப்பெட்டி கோப்பை ஏற்க மாட்டேன் என்று நின்று, ஒரு புடவை பாதியில் கெட்டுப்போயிருக்கிறது. பாவு, அதாவது நீளவாட்டில் கட்டிய இழைகள், தறியில் இருக்கிற வரை எங்கள் ஊரில் ஒரு ஆணியைக்கூட அசைக்க மாட்டார்கள். சரி, பாவு முடிந்தால் தறி காலியாகுமா என்றால் ஆகாது. வெறுந்தறி வீட்டுக்கு நல்லதில்லை என்று பழைய பாவின் முனையிலேயே புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: "ஏம்மா பதர்ற? பாவு முடியட்டும், மொத வேலையா உனக்குத்தான் போன் பண்றேன்."

கண் திறப்பு

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். புலம்ப வேறு ஆள் வேண்டுமே. அவள் அப்போதுதான் புதிதாக ஒரு புடவையைத் தொடங்கி, முதல் அன்னத்துக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். இது ஏகாம்பரம் சார் வீட்டுப் பழக்கம். கோப்பில் எல்லா அன்னத்துக்கும் கண் போடுவார், முதல் அன்னத்துக்கு மட்டும் போட மாட்டார். அந்த ஒரு கண்ணைத் தறியில் உட்கார்ந்தவர்தான் திறக்க வேண்டும். நெய்கிறபோது அந்த இடம் வந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, சின்னத் துண்டு சரிகையைக் கையால் கோத்துக் கண்ணை வைத்துவிட்டுத்தான் மேலே ஓட்டுவார்கள். அக்கா வேதக்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஏகாம்பரம் சார் நெற்றி நிறைய விபூதி. அந்தக் கண்ணுக்காக இரண்டு பேருக்கும் சண்டை வந்ததில்லை.

நான் ஓட்டை, திருடன், சிவப்புக் குறி என்று மூச்சு விடாமல் சொன்னேன். டிசைன் வெளியே போனால் உன் தறி நின்றுவிடும் என்று அவளையும் பயமுறுத்தப் பார்த்தேன். அவள் சரிகையைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். "நீ பொழைக்கறதுக்குப் படிச்சியா, பயந்துக்கினு கெடக்கறதுக்குப் படிச்சியாடீ?"

யோசிக்காமல் அழுத்து

நான் ஊரெல்லாம் போய்ப் பயமுறுத்தியதில் ஒருவர் மட்டும் என் பேச்சை அப்படியே கேட்டார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஷபீர் பாய். யாருக்கோ பரீட்சை ரிசல்ட் தேடிக்கொண்டிருந்தபோது திரை முழுக்க ஒரு பக்கம் வந்து நின்றிருக்கிறது. உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, உடனே இங்கே அழுத்தி அப்டேட் செய்யுங்கள் என்று. பாய் அழுத்திவிட்டார். உண்மையான அப்டேட் ஒருநாளும் இப்படி ஒரு பக்கமாக வந்து கூப்பிடாது, பிரவுசரின் மூலையிலேயே நல்ல பிள்ளையாக நிற்கும் என்பதைச் சொல்ல நான் விட்டுப்போயிருந்தேன்.

போன் வந்ததும் ஓடினேன். மவுஸ் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. கடை நிறைய ஆட்கள், ஏனாத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய காலேஜ் பிள்ளைகள், எல்லோரும் அந்த அம்புக்குறி அலைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெட் வயரைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் அம்புக்குறி அசையாமல் நின்றது. அந்த மிஷினை முழுக்கத் துடைத்து முதலிலிருந்து எல்லாம் ஏற்ற வேண்டியிருந்தது. ஊர் ஜனங்களின் அடையாள அட்டைகளை ஸ்கேன் செய்து வைத்திருந்த மிஷின் அது. அழுத்து என்றாலும் ஆபத்து, அழுத்தாதே என்றாலும் ஆபத்து என்றால் நான் எதைச் சொல்லிப் பிழைப்பது? பாய் நொந்துபோய், ஆனால் கோபமில்லாமல் சொன்னார்: "நீதானம்மா சொன்ன, அப்டேட்னு வந்தா யோசிக்காம ஜல்தியா அமுக்கணும்னு. யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்."

யார் எடுத்த படம்?

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் அக்கா கூப்பிட்டாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள், அன்றைக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போனேன். தறி நின்றிருந்தது. ஏகாம்பரம் சார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி யாரோ அனுப்பிய ஒரு படம் அக்காவின் போனில் இருந்தது. ஏதோ ஊரில் மிஷினில் நெய்த புடவை, இணையத்தில் விற்பனைக்கு. பார்டரில் வரிசையாக அன்னங்கள், அலகுக்கு அலகு அதே கொடி. நம்முடையது கடைக்கே இன்னும் போகவில்லை.

தறியிலிருந்து யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது ஏகாம்பரம் சாரின் எண்ணம். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அக்காவிடம்தான் நல்ல போன் இருந்தது, நான் வாங்கிக் கொடுத்தது. அக்கா வேதப்புத்தகத்தை எடுத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த ஆர்டர் போனால் வேறு ஆர்டர் தேடலாம். டிசைனை விற்றவள் என்ற பேரோடு போனால் இந்த ஊரில் எந்த முதலாளி இவள் தறிக்குப் பாவு கொடுப்பார்? எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. போனை அவரிடம் நீட்டி, யார் எடுத்ததென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். முந்தானை ஓரத்திலிருந்து பார்டரைத் தடவிக்கொண்டே வந்த விரல் முதல் அன்னத்தில் நின்றது. அதற்குக் கண் இல்லை. அக்காவோ மற்ற வீட்டுக்காரர்களோ நெய்த புடவையைப் படம் எடுத்திருந்தால் அங்கே கண் இருந்திருக்கும். கண் இல்லாத அன்னம் இருப்பது கோப்பில் மட்டும். தறிப்பெட்டியில் ஏற்றிய கோப்பைத் திரும்ப வெளியே எடுக்க முடியாது, ஆக அது போயிருந்தால் அவருடைய கம்ப்யூட்டரிலிருந்துதான். போனை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இது எங்கூட்லேர்ந்து போயிருக்குது."

உள்ளே உட்கார்ந்திருந்தவன்

அவர் வீட்டு மாடி அறைக்கு ஏகாம்பரம் சாரும் நானும் ஏறிப் போனோம். டிசைன்களையெல்லாம் அவர் சேர்த்து வைக்கிற இணையக் கணக்கைத் திறந்து, இதில் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்கிற பக்கத்துக்குப் போனேன். ஏகாம்பரம் சாரின் கம்ப்யூட்டர், அவர் போன், அதற்குக் கீழே இன்னொன்று. பேர் தெரியாத மிஷின், பேர் கேள்விப்படாத ஊர். உள்ளே வந்தவன் வெளியே போகவே இல்லை. கார்த்திகையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறான். அந்த நிமிஷம்கூட இருந்தான். என்னை அறியாமல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வேறு வழியும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது, அடைக்க அப்டேட் வந்தும் அடைக்காமல் கிடந்த வழி ஒன்று இருந்தது என்பதுதான். ஏகாம்பரம் சார் வேட்டி நுனியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அடுத்த பூஜைக்குக் காத்திருக்காமல், அவர் கையாலேயே குங்குமத்தைத் துடைத்தார். பொட்டு போன இடத்தில் பொட்டு நிறத்திலேயே குறி நின்றது. மூடித் திறந்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், எல்லா மிஷினையும் கணக்கிலிருந்து வெளியே தள்ளினேன். அந்தப் பேர் தெரியாத வரி மறைந்தது. அவர் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "அப்ப, இத்தினி நாளா நான் இங்க தனியா உக்காந்துக்கினு இல்லியாம்மா?"

பாவோடு நின்ற தறிகள்

பட்டுக்கடை கையை விரித்துவிட்டது. இணையத்தில் வந்துவிட்ட பார்டரை முகூர்த்தத்துக்கு யார் எடுப்பார்கள் என்று கேட்டார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. முடிந்த புடவைகளை மட்டும் வேண்டா வெறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். பாவு தறியில் இருக்கும்போது எதையும் நிறுத்தக் கூடாது என்றிருந்தோம், நாலைந்து தறியும் பாவோடு நின்றன. அக்கா வீட்டுத் தெருவில் நுழைந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் சத்தம் இல்லாதது காதை அடைத்தது. தறி நிற்கிற வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? சாப்பிட உட்கார்ந்தால்கூட எல்லோரும் தறியைப் பார்க்காத பக்கமாக உட்காருகிறார்கள்.

ஏகாம்பரம் சார் மறுபடி வீடு வீடாக வந்தார். தறியில் உட்கார்ந்தவர்கள் யார் மேலும் குற்றமில்லை, போனது என் அறையிலிருந்து என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அந்த மனசு எல்லோருக்கும் வராது. அக்காவிடம் கையைக் கூப்பிவிட்டார். வேறு டிசைன் போட்டு இதே பாவில் சீக்கிரம் ஓட்டிவிடலாம் என்றார். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டுத்தான் கேட்டாள்: "தறி நின்னா மறுபடி ஓட்டிக்கலாம் மொதலாளி. அன்னிக்கு அரை நாளு எம் பேரு நின்னுதே, அத ஓட்டறதுக்கு எதனா அப்டேட் இருக்குதா?"

எந்த மூலை?

தை முகூர்த்தங்கள் பாதி போன பிறகு புது டிசைன் தயாரானது. இந்தத் தடவை யாளி. அந்தக் கடை இல்லாமல் வேறு கடை, பழைய அளவுக்கு இல்லை, ஆனாலும் தறிகள் ஓடின. அக்கா முதல் யாளிக்குக் கண் திறந்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். கண்ணை வைத்துவிட்டு உடனே போனை எடுத்து இணையத்தில் யாளி பார்டர் என்று தேடினாள். ஒன்றும் இல்லை. மறுநாளும் தேடினாளாம். இப்போது தினமும் தறியில் உட்காரும் முன் ஜெபம் செய்துவிட்டு அதைத் தேடுகிறாள். பயந்துகொண்டு கிடக்கிறேன் என்று என்னைச் சொன்னவள்.

புது டிசைனுக்காக மாடி அறையில் சின்னதாக ஒரு பூஜை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பூட்டு, விசைப்பலகை, தறிப்பெட்டிக்குக் கோப்பு எடுத்துப்போகிற பென் டிரைவ் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார் ஏகாம்பரம் சார். மானிட்டர் வந்ததும் நின்றுவிட்டார். வலது மேல் மூலைக்குப் போன கை திரும்பியது. இடது மூலைக்குப் போனது, அங்கேயும் வைக்கவில்லை. கீழே இரண்டு மூலையையும் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விரல் நுனியில் குங்குமத்தை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை கேட்பதைப் போல மெதுவாகக் கேட்டார்: "நீயே சொல்லும்மா எஸ்தரு, எந்த மூலைல வெச்சா பயமில்ல?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு, மானிட்டரின் பின்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஓட்டை அந்தப் பக்கமாக வராது என்று உங்களைப் போலவே நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.